சாம்பல் விழாத தூபம்

1

மைசூரில் குடியிருப்பவன் தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டால், கனடாவிலும் நார்வேயிலும் வாசல் பனியை வழித்துக்கொண்டிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு விருதுநகரில் ரயில் ஏறினால் மறுநாள் காலைப் பலகாரத்துக்கு மைசூர் வந்துவிடும். விசா கிடையாது, விமானம் கிடையாது, குளிருக்கு ஒரு சால்வை போதும். ஆனால் வந்த புதிதில் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல், நஞ்சன்கூடு போக வேண்டியவன் ஹுணசூருக்குப் பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறேன். அன்றைக்கு நான் இறங்கி நின்ற இடம் எனக்கு நார்வேதான்.

சிவகாசியை விட்டு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூடப் படித்தவர்கள் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் அச்சாபீசுக்கும் போக, நான் மட்டும் பாலிடெக்னிக் சான்றிதழைப் பையில் போட்டுக்கொண்டு இங்கே வந்தேன். சாத்தூர்ப் பெண் ஜெயாவைக் கட்டினேன். மகள் யாழினி இங்கேதான் பிறந்தாள். ரேஷன் கார்டு, ஓட்டு, காஸ் இணைப்பு எல்லாம் இந்த ஊர் விலாசத்துக்கு மாறிவிட்டன. ஊருக்கு வந்தால் கடைக்காரரிடம் என்னையறியாமல் கன்னடத்தில் "ஹௌதா", அப்படியா, என்று கேட்டுவிடுகிறேன். அவர் என் முகத்தை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்கிறார். நான் படித்த பள்ளிக்கூடம் அவர் கடைக்கு எதிரில்தான் இருக்கிறது.

மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று, அப்பா நாள். அப்பா இறந்த திதிக்கு வருஷா வருஷம் ரயிலேறி சிவகாசிக்கு, அண்ணன் வீட்டுக்கு, வந்துவிடுவேன். இந்த வருஷம் அது மைசூருக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்.

2

அப்பாவைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் வேலை. அந்த அறையில் வேலை பார்த்துவிட்டுப் பத்து விரலோடும் இரண்டு புருவத்தோடும் ஓய்வு பெற்றவர்களை நம்மூரில் தெருவுக்குத் தெரு பார்க்க முடியாது. அப்பா முழுசாகப் போனார். படுக்கையில், பேரன் பேத்தி பெயர்களைச் சரியாகச் சொல்லிக்கொண்டு போனார். அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோவது சின்ன வயதில் என் வேலை. ஆனால் என்னை அந்த அறைப் பக்கம் விட்டதில்லை. வெடி காயப்போடும் களத்து ஓரத்தில், வேப்பமரத்தடியிலேயே நிற்கச் சொல்வார். அதனால் அப்பாவின் வேலை என்றால் எனக்கு அந்தக் களம்தான் ஞாபகம். கண் கூசுகிற வெயில், வரிசை வரிசையாகக் காய்கிற சரங்கள், சருகு போல எல்லாமே மொறுமொறுவென்று இருக்கும். அண்ணன் செல்லப்பாண்டி அப்படியில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பாவோடு அந்த அறைக்குள்ளேயே வேலைக்குப் போனவர்.

அண்ணன்தான் மாசியில் போன் செய்தார்.

"தம்பி, வீட்டப் பிரிச்சுப் போட்டுருக்கேன். மேல தளம் போடுறாக. இந்த வருசம் அப்பா நாள எங்கிட்டு வைக்கன்னு தெரியல."

"இங்க வச்சுக்குவோம்ண்ணே."

"மைசூர்லயா?"

"ஏன், அப்பாவுக்கு வழி தெரியாதா?"

"ஒனக்கே நஞ்சன்கூட்டுக்கு வழி தெரியல. நீ அப்பாவச் சொல்லுற." அப்புறம் குரலை இறக்கிச் சொன்னார். "சரி, ஒரு தடவ பாப்போம். மொறையா நடந்துச்சுன்னா ஒரு வருசம் அங்க, ஒரு வருசம் இங்கன்னு வச்சுக்கலாம். கோளாறாப் போச்சுன்னா நான் இருக்க வரைக்கும் எங்கிட்டதான். மறுக்கா கேக்கப்படாது."

சரி என்று உடனே ஒப்புக்கொண்டேன். வெளியூர்க்காரன் மட்டும்தான் இதைப் புரிந்துகொள்வான். பிழைக்க வந்த ஊரில் வீடு பிடிக்கலாம், வேலை பிடிக்கலாம், பாஷைகூடப் பிடித்துவிடலாம். நம் வீட்டுச் செத்தவர்கள் அங்கே வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனால்தான் அது நம் வீடு. யாழினிக்குத் தாத்தா என்றால் வருஷத்துக்கு ஒரு முறை ரயிலேறிப் போய்ப் பார்க்கும் போட்டோ. போன வருஷம் பரீட்சை என்று அதற்கும் வரவில்லை. இப்படியே போனால் எனக்கப்புறம் அந்த நாளை யார் நினைப்பார்கள்?

ஜெயாவிடம் சொன்னேன். அவள் முதலில் கேட்டதே, "ஏங்க, தூபத்துக்கு என்ன பண்ணுவீக?" என்றுதான்.

3

தூபம் எங்கள் குடும்பத்தில் சாதாரண விஷயம் கிடையாது. படையல் போட்டதும் பித்தளைத் தூபக்காலில் கங்கு அள்ளி, சாம்பிராணி தூவி, அண்ணன் நடுவீட்டில் நிற்பார். புகை எழும்பி அப்பா படத்தை மறைக்க வேண்டும். அந்தப் புகையில்தான் அப்பா வருகிறார் என்பது அவர் நம்பிக்கை. எல்லாம் முடிந்ததும் தூபக்காலின் சாம்பலைத் தொட்டுப் பிள்ளைகள் நெற்றியில் பூசிவிடுவார்.

நாங்கள் இருப்பது ஸ்ரீராம்புராவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. வாடகை வீடு. சென்ற வருஷம் வீட்டுக்கு வீடு கூரையில், புகை பட்டால் கத்தும் ஸ்மோக் டிடெக்டர் வைத்தார்கள். ஒரு வீட்டில் அது கத்தினால் மொத்தக் கட்டடத்துக்கும் சங்கு ஊதும், லிஃப்ட் நின்றுவிடும், எல்லோரும் படியில் இறங்கி ஓட வேண்டும். அப்படி ஒரு தடவை யாரோ ஹோமம் வளர்க்கப்போய், இறங்குகிற அவசரத்தில் ஒரு பெரியவர் கால் பிசகி விழுந்துவிட்டார். அதற்கப்புறம் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஊதுபத்தி பால்கனியில் மட்டும், கரிக் கங்கும் சாம்பிராணியும் வீட்டுக்குள் அறவே கூடாது. ஊதுபத்தி வாசனையில் பாதி உலகத்தை நிறைத்த ஊரில் இப்படி ஒரு நோட்டீஸ்.

சங்கத்துச் செயலாளர் சங்கரப்பா, பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் நோட்டீஸ் ஒட்டினால் அதை மீறுவது இன்னும் கஷ்டம்.

ஆனால் ஜெயா கேட்டபோது நான் கவலைப்படவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, "டப்பி இருக்கும்போது நமக்கென்ன?" என்றேன்.

4

டப்பி என்பது நஞ்சன்கூட்டில் எங்கள் சின்ன ஆலையில் செய்யும் சாமான். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே ஒரு உலோகக் கிண்ணம், அதன் அடியில் மெல்லிய வலை, வலைக்குக் கீழே சூடேற்றும் தகடு, பேட்டரி, ஊதிவிட ஒரு குட்டி விசிறி. காய்ந்த மூலிகை இலையைக் கிண்ணத்தில் போட்டு மூடிப் பொத்தானை அழுத்தினால், இலையிலிருக்கும் தைலம் சூட்டில் ஆவியாகி வெளியே வரும். அறை மணக்கும். இலை மட்டும் எரியக்கூடாது. எரிந்துவிட்டால் அதற்குப் பெயர் டப்பி இல்லை, அடுப்பு. வாயில் வைத்து இழுக்கிற மாதிரியும் வெளிநாடுகளில் செய்கிறார்கள்; அந்த வம்பெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நம் நாட்டில் அதற்குத் தடை. எங்களுடையது ஹோட்டல் அறைக்கும் யோகா கூடத்துக்கும் மணம் போடுவது. தகட்டின் சூட்டைச் சோதித்துப் பார்த்து அனுப்பும் பிரிவு என் பொறுப்பு.

இதற்கு அனுமதி வாங்க நான் அலைந்ததைத் தனியாக எழுத வேண்டும். அரசாங்க ஆபீசில் முதல் ஜன்னலில் இது சிகரெட் வகையா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் இரண்டாவது ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அங்கே அடுப்பு வகையில் சேர்க்கப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஒரு அம்மா, பூஜைச் சாமானுக்கான படிவத்தை எடுத்து நீட்டினார். நான் டப்பியை மேஜைமேல் வைத்து ஓட விட்டேன்.

"ஹொகெ பருத்தா?" என்றார். புகை வருமா என்று கேட்கிறார்.

"இல்ல மேடம். வாசனெ மாத்ர," என்றேன்.

என் கன்னடத்தில் அதுதான் இதுவரை நான் பேசியதிலேயே திருத்தமான வாக்கியம். அந்த அம்மா மூக்கை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நாலாவதாக ஒரு படிவத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தீயை வைத்துப் பிழைக்கும் ஊரில் பிறந்தவன், தீப்பிடிக்காது என்று சத்தியம் செய்து கையெழுத்து வாங்கினேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

5

படையலுக்கு இரண்டு ஞாயிறு முன்னால் வீட்டில் ஒத்திகை பார்த்தேன்.

ஆலையில் சோதனைக்கு வாங்கும் இலை பாக்கெட்டில் வரும். அப்பாவுக்குப் பாக்கெட் இலை போட எனக்கு மனசு வரவில்லை. மொட்டைமாடித் தொட்டியில் ஜெயா வளர்க்கும் துளசி, திருநீற்றுப் பச்சிலை, கூடவே தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய மருக்கொழுந்து எல்லாவற்றையும் மாடியில் பரப்பி நான்தான் காய வைத்தேன். காய வைப்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் எடுத்து மூடினால் சரசரவென்று நொறுங்க வேண்டும், அதுதான் நம்மூர்க் கணக்கு. நமக்கு ஈரம் என்றாலே ஆகாது. ஐப்பசியில் ஒரு மேகம் திரண்டாலே சிவகாசியில் பாதிப் பேருக்கு முகம் சுருங்கிவிடும். அதனால் ஒரு நாள் கூடுதலாகவே காயவிட்டேன். நொறுக்கினேன், மாவு மாதிரி வந்தது. திருப்தியாகக் கிண்ணத்தில் திணித்து அழுத்தி, சூட்டையும் ஒரு படி ஏற்றி வைத்தேன். அண்ணன் நம்பும்படி கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்ற ஆசைதான்.

முதலில் நல்ல வாசனை வந்தது. யாழினிகூட அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அடுத்தாற்போல் ஒரு கரிந்த நெடி. மூடி இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பிற்று. நான் பொத்தானை அணைப்பதற்குள் கூரையில் டிடெக்டர் கத்த ஆரம்பித்துவிட்டது, பின்னாலேயே கட்டடம் முழுக்கச் சங்கு.

எல்லோரும் இறங்கினோம். எதிர்வீட்டு அம்மா கையில் தோசைக் கரண்டியோடு நின்றார். ஒருவர் முகத்தில் பாதிச் சவரம். சங்கரப்பா மூச்சு வாங்க என்னிடம் வந்தார்.

"பாலு அவரே, நீங்களா?" என்றார் கன்னடத்தில். கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். "இன்னொரு தடவை ஆனால் வீட்டு ஓனருக்கு நான் எழுத வேண்டியிருக்கும். எனக்கு வேறு வழியில்லை."

நான் வாயைத் திறந்தேன். வாசனெ மாத்ர என்று சொல்ல அது இடமில்லை. யாழினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நீங்க சும்மனிரி. நான் மாத்தாடறேன்." நான் சும்மா இருக்க வேண்டுமாம், அவள் பேசிக்கொள்வாளாம். பிறகு சங்கரப்பாவிடம் சரளமான கன்னடத்தில் என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். என் மகள் எனக்காகப் பேசுவதை நான் பாதிதான் புரிந்துகொண்டேன். மீதிப் பாதிக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். அவமானத்தில் அது சிவந்திருந்தது.

படியேறும்போது ஜெயா சொன்னாள், "ஊருக்கெல்லாம் எரியாத டப்பி செஞ்சு குடுக்கீக. நம்ம வீட்ல மட்டும் எரியுது."

6

திங்கட்கிழமை என் இலையைப் பொட்டலம் கட்டி ஆலைக்கு எடுத்துப் போனேன். பாக்கெட் இலையையும் என் இலையையும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டிவைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பாக்கெட் இலை காய்ந்திருந்தது, ஆனால் மடக்கினால் கொஞ்சம் வளைந்தது. என்னுடையது தொட்டாலே தூளானது. எத்தனையோ டப்பிகளைச் சோதித்து அனுப்பியிருக்கிறேன், இலையை ஒரு நாளும் சோதித்ததில்லை. அது எப்போதும் சரியாக வந்துகொண்டிருந்ததால் அதற்கும் ஒரு பக்குவம் உண்டென்று யோசிக்கவே இல்லை.

ஒரு வாரம் சாப்பாட்டு இடைவேளையெல்லாம் இதே வேலையாகத் திரிந்தேன். கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். யாராவது பிள்ளைகள் வெளிநாட்டில் இந்த மாதிரி ஒன்றை வாங்கிவைத்துத் திண்டாடிக்கொண்டிருந்தால் உதவும்.

ஒட்டக் காய்ந்த இலைக்குச் சூட்டைத் தாங்க முடியாது, சட்டென்று பற்றிக்கொள்ளும். லேசான ஈரப்பதம் இருந்தால் அது முதலில் போக நேரம் எடுக்கும், அதற்குள் தைலம் நிதானமாக வெளியே வரும். மாவாக அரைக்கவும் கூடாது. தூள் வலை வழியாக விழுந்து நேரே தகட்டில் உட்கார்ந்துகொள்ளும், என் வீட்டில் புகைந்தது அதுதான். கையால் பிய்த்துப் போட்டால் போதும். திணித்து அழுத்தினால் காற்றுப் போக இடமில்லாமல் அடியில் மட்டும் கருகும், மேலே பச்சையாகவே இருக்கும். ரொம்பக் குறைவாகப் போட்டாலும் கெடுதல். சூட்டைக் கீழிருந்து ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். நூற்றெழுபது, நூற்றெண்பது டிகிரியில் துளசி தன்னிடம் இருப்பதையெல்லாம் தந்துவிடுகிறது. இருநூறைத் தாண்டிப் போவதெல்லாம் வெறும் பேராசை. நடுவில் ஒரு தடவை அணைத்து, மூடியைத் திறந்து கிளறிவிட வேண்டும். பழைய பிசுக்கு வலையில் ஒட்டியிருந்தால் முதலில் அதுதான் தீயும், அதைத் துடைத்துவிட வேண்டும். சாம்பிராணி, குங்கிலியம் எதையும் உள்ளே போடவே கூடாது, உருகித் தகட்டில் வழியும். கடைசியில் இலை காப்பிக்கொட்டை வறுத்த நிறத்தில் இருந்தால் நிறுத்திவிடலாம். மல்லி வறுக்கத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இந்த நிறம் தெரியும் என்று ஜெயா சொன்னாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை என்றாள்.

மிச்சமிருந்தது என் மொறுமொறு இலை. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் காய வைக்க நாள் இல்லை. நொறுக்காமல் மிச்சம் வைத்திருந்ததை ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மார்க்கெட்டில் வாங்கிய மைசூர் வெற்றிலை ஒன்றை அதன்மேல் வைத்து மூடினேன். மறுநாள் வெற்றிலை வாடியிருந்தது. இலைச்சருகு கையில் மெத்தென்று வளைந்தது.

7

அண்ணன் படையலன்று காலை ரயிலில் வந்து இறங்கினார். மதினிக்கு மேல்தள வேலையை விட்டு வர முடியவில்லை. ஒரு கையில் சாத்தூர்க் காராச்சேவுப் பை, மறு கையில் துணிப்பை. வீட்டுக்குள் நுழைந்ததும் துணிப்பையை அவிழ்த்து நடுக்கூடத்தில் வைத்தார். புளி போட்டு விளக்கிய தூபக்கால், ஒரு பொட்டலம் கரி, ஒரு பொட்டலம் சாம்பிராணி. யாழினி முதலில் தூபக்காலையும் அப்புறம் கூரையையும் பார்த்தாள்.

"பெரியப்பா, கரி பேடா," என்றாள். பிறகு நிதானித்துத் தமிழுக்கு மாறினாள். "கரி வேண்டாம் பெரியப்பா. அலாரம் அடிச்சா வீட்டவிட்டே போகச் சொல்லிருவாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நோட்டீஸ் சங்கதியை ஒன்று விடாமல் சொல்லி, டப்பியையும் காட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொகை வராதா?"

"வராதுண்ணே. மணம் மட்டும்தான்."

"பொகை இல்லாம என்னத்தக் கும்பிடுறது, தம்பி?"

என் காரியம் இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஜெயா சமாளித்தாள். "மொதல்ல குளிச்சிட்டு வாங்க மச்சான். எல போட்டுட்டுப் பேசிக்கலாம்."

இலை போட்டோம். அப்பாவுக்குப் பிடித்த உளுந்த வடை, கத்தரிக்காய்க் குழம்பு, அண்ணன் கொண்டுவந்த காராச்சேவு, புது வேட்டி, துண்டு. படத்துக்கு இந்த ஊர் மல்லிகை. நான் எவர்சில்வர் டப்பாவைத் திறந்தேன். மேலே வாடிய வெற்றிலை.

"அது என்னத்துக்கு?" என்றார் அண்ணன்.

"எல ரொம்பக் காஞ்சு போச்சுண்ணே. தீப்பிடிக்கும். அதான் கொஞ்சம் ஈரத்துக்கு."

அவர் வெற்றிலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பி டப்பாவிலேயே வைத்தார்.

இலையைப் பிய்த்துக் கிண்ணத்தில் பொலபொலவென்று போட்டு மூடினேன். கதவு திறந்திருந்தது. வெளியே வராந்தாவில் சங்கரப்பா தற்செயலாக நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தார். யாழினி டிடெக்டருக்கு நேர் கீழே போய்க் கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டாள். அவள் நின்று என்ன ஆகப்போகிறது. ஆனாலும் அவள் அங்கே நின்றது எனக்குத் தெம்பாக இருந்தது.

டப்பியை அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். சூடு ஏறியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் கைகூப்பியபடி புருவத்தைச் சுருக்கினார். அணைத்தேன், கிளறினேன், ஒரு படி ஏற்றினேன். முதலில் மருக்கொழுந்து வந்தது, பின்னால் துளசி. கூடம் நிறைந்து அடுக்களை வரைக்கும் மணம் போய்விட்டது. நான் கூரையைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பச்சை விளக்கு அதுபாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடிவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. அப்பாவிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். படம் மறையவில்லை. முதல் தடவையாக ஒரு படையலில் அப்பா முகம் முழுக்க எங்களுக்குத் தெரிந்தது.

கும்பிட்டு எழுந்ததும் அண்ணன் வழக்கம்போல யாழினியைக் கூப்பிட்டார். அவள் வந்து குனிந்தாள். அவர் கை தூபக்காலுக்குப் போய், காலியாக இருப்பதைக் கண்டு நின்றுவிட்டது.

"சாம்பல் எங்க தம்பி?"

இதை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எரியாமலிருக்க வழி கண்டுபிடித்தவன், எரியாவிட்டால் சாம்பல் இருக்காது என்பதை மறந்துவிட்டேன். டப்பியின் மூடியைத் திறந்து நீட்டினேன். கிண்ணத்தில் இலை அப்படியே இருந்தது. வறுத்த நிறம். ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

அண்ணன் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்தார். கசக்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பிறகு யாழினியிடம்தான் பேசினார், என்னிடம் பேசவில்லை.

"ஒங்க தாத்தா என்ன வேல பாத்தாருன்னு ஒங்கப்பன் சொல்லிருக்கானா?"

"பட்டாசு செஞ்சாங்க," என்றாள்.

"அது வெளிய நின்னு பாத்தவுக சொல்றது. நான் உள்ள நின்னவன். விடியுமுன்ன, வெயிலேறுமுன்னயே வேலைய முடிச்சிருவாரு. காலுல செருப்புக் கெடையாது. தரை பூராம் ஈரச்சாக்கு விரிச்சிருப்பாரு. சாக்கு காஞ்சா வேலைய நிறுத்திருவாரு. மொதலாளி வந்து நின்னாலும் சரி, சாக்க நனைச்சிட்டுத்தான் மறுக்கா மருந்தத் தொடுவாரு. கடைசி வரைக்கும் அவரு பாத்த வேல, தீப்பிடிக்காமப் பாத்துக்கிட்டது." அண்ணன் கசக்கிய இலையை உள்ளங்கைக்கு மாற்றிக்கொண்டார். "அந்த அறையில ஒரு நா சாம்பல் விழுந்திருந்தா நானும் இல்ல, ஒங்கப்பனும் இல்ல, நீயும் இல்ல."

கசக்கிய இலையை அவள் நெற்றியில் வைத்துத் தேய்த்தார். பழுப்பாக ஒரு தீற்று விழுந்தது. பிறகு என்னைப் பார்த்து, "வாடா," என்றார். எனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. குனிந்தேன்.

ஊரைவிட்டு, அப்பா தொழிலைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் நின்றவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அப்பா பார்த்த அதே வேலையைத்தான் நஞ்சன்கூட்டில் உட்கார்ந்து நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வெற்றிலையை வைத்து மூடியபோது என் கைக்கு அது தெரியாது. அண்ணன் அதைக் கண்டுகொண்டார்.

சங்கரப்பா வாசலில் தயங்கி நின்று எட்டிப் பார்த்தார். ஜெயா அவரை உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். காராச்சேவை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். யாழினி அவருக்குத் தாத்தாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னடத்தில்தான். ஈரச்சாக்குக்கு வந்ததும் சரியான வார்த்தை கிடைக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. இருவரும் கையால் தண்ணீர் தெளித்துக் காட்டினோம், அவருக்குப் புரிந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் ரயிலுக்குக் கிளம்பினார். துணிப்பையில் கரிப் பொட்டலத்தையும் சாம்பிராணியையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். தூபக்கால் அப்பா படத்துக்குக் கீழேயே இருந்தது. அதன் உள்ளே யாரோ டப்பியை உட்கார வைத்திருந்தார்கள்.

"அண்ணே, தூபக்கால விட்டுட்டீக."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"இங்கேயே கெடக்கட்டும். ஒரு வருசம் விட்டு ஒரு வருசம் ரயில்ல தூக்கிட்டு அலையவா?"